ஐந்து ஃபெனிக் தலை, எட்டு லட்சம் மார்க்

உட்காருங்கள். டீ வருவதற்குள் இந்த ஒரு தபால்தலையைப் பார்த்துவிடலாம். இளம்பச்சை நிறம். நடுவில் 5 என்ற எண், அதாவது ஐந்து ஃபெனிக். நூறு ஃபெனிக் சேர்ந்தால் ஒரு மார்க். கூடவே 'டாய்ச்செஸ் ரைஷ்' என்று நாட்டின் பெயர். இதுவரை விசேஷம் ஒன்றுமில்லை. இனி அந்தப் பச்சையின் மேல் கறுப்பு மையில் இன்னொரு தடவை அச்சாகியிருப்பதைப் படியுங்கள்: '800 டௌஸண்ட்'. டௌஸண்ட் என்றால் ஆயிரம். ஆக, எட்டு லட்சம் மார்க்.

ஐந்து ஃபெனிக் என்பது ஒரு மார்க்கில் இருபதில் ஒரு பங்கு. எட்டு லட்சத்தை இருபதால் பெருக்கிப் பாருங்கள். ஒரு கோடியே அறுபது லட்சம் மடங்கு! ஒரே துண்டுக் காகிதத்தில் பழைய விலையும் இருக்கிறது, புது விலையும் இருக்கிறது. கடையில் பழைய எம்.ஆர்.பி. மேல் புது விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அந்த வேலையைத்தான் ஜெர்மன் அரசு அச்சகம் 1923இல் லட்சக்கணக்கான தாள்களுக்குச் செய்தது. சேகரிப்பவர்கள் இதை ஓவர்பிரின்ட் என்பார்கள். நாம் மேலச்சு என்று வைத்துக்கொள்வோம்.

"எட்டு லட்சம் என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் இன்றைக்கு நல்ல விலை போகுமே?" என்றுதான் யாரும் முதலில் கேட்பார்கள். போகாது. இந்தக் காலத்துத் தலைகளில் பெரும்பாலானவை, முத்திரை விழாமல் புத்தம்புதிதாக இருந்தால், கேட்டலாக்கில் இருப்பதிலேயே குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும். ஆனால் இவற்றில் பல, தபாலில் உண்மையாகவே போய், சரியான தேதி முத்திரையோடு இருந்தால், விலை பல மடங்கு ஏறிவிடும். மற்ற நாட்டுத் தலைகளில் பெரும்பாலும் புதியதற்கு மதிப்பு, உபயோகித்ததற்குக் குறைவு. இங்கே தலைகீழ். அது ஏன் என்று புரிந்துவிட்டால், 1923இல் என்ன நடந்தது என்பதும் புரிந்துவிடும்.

பணம் கரைந்த கதை, சுருக்கமாக

1914இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது ஒரு அமெரிக்க டாலருக்கு 4 மார்க் 20 ஃபெனிக். போர்ச் செலவை ஜெர்மனி வரியால் அல்ல, பெரும்பாலும் கடனால் சமாளித்தது. ஜெயித்தால் தோற்றவன் தலையில் கட்டிவிடலாம் என்று கணக்கு. தோற்றது ஜெர்மனி. கடனும் தலையில், 1921இல் நேச நாடுகள் விதித்த 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடும் தலையில். 1923 ஜனவரி 11 அன்று, இழப்பீட்டுத் தவணை ஒழுங்காக வரவில்லை என்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் நிலக்கரியும் எஃகும் விளையும் ரூர் பகுதிக்குள் புகுந்தன. 'அவர்களுக்காக வேலை செய்யாதீர்கள்' என்று ஜெர்மன் அரசு சொன்னது. வேலை செய்யாத தொழிலாளிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் அல்லவா? கஜானாவில் பணமில்லை. அச்சடித்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை டாலர் விலையே சொல்லும். ஜனவரியில் சராசரியாக 18,000 மார்க். ஜூலையில் மூன்றரை லட்சம். நவம்பர் 20 அன்று 4.2 லட்சம் கோடி. காலையில் வாங்கிய கூலி மாலையில் பாதிக்குக்கூடத் தேறாது என்ற நிலை. சம்பளம் கையில் விழுந்ததும் கடைக்கு ஓடினார்கள்.

எல்லா விலையும் ஏறும்போது தபால் கட்டணம் மட்டும் நிற்குமா? ஆனால் கடைக்காரனுக்கும் தபால் இலாகாவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கடைக்காரன் மணிக்கு ஒரு விலை சொல்லலாம். தபால் இலாகா ஒரு தேதியைக் குறித்து, நாடு முழுக்க அறிவித்து, அந்தத் தேதி முதல் புதுக் கட்டணம் என்று ஆணை போட வேண்டும். நமக்கு அது பெரிய வசதி. ரொட்டி விலையை இன்று நாள்வாரியாகத் தேடிப் பிடிப்பது கஷ்டம். தபால் கட்டணம் மட்டும் தேதி சுத்தமாக அப்படியே பதிவாகியிருக்கிறது.

கட்டணப் பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள்

உள்நாட்டில் வெளியூருக்குப் போகும் சாதாரணக் கடிதம், 20 கிராம் வரை. போருக்கு முன் அதற்கு 10 ஃபெனிக். 1921 ஏப்ரலில் 60 ஃபெனிக். 1922 ஜனவரியில் 2 மார்க். அந்த ஆண்டு டிசம்பர் பாதியில் 25 மார்க். 1923 மார்ச்சில் 100, ஜூலையில் 300. இதுவரை வேகமான ஏற்றம், அவ்வளவுதான். ஆகஸ்டிலிருந்து பாருங்கள்:

ஆகஸ்ட் 1: 1,000 மார்க்
ஆகஸ்ட் 24: 20,000
செப்டம்பர் 1: 75,000
செப்டம்பர் 20: 2.5 லட்சம்
அக்டோபர் 1: 20 லட்சம்
அக்டோபர் 10: 50 லட்சம்
அக்டோபர் 20: 1 கோடி
நவம்பர் 1: 10 கோடி
நவம்பர் 5: 100 கோடி
நவம்பர் 12: 1,000 கோடி
நவம்பர் 20: 2,000 கோடி
நவம்பர் 26: 8,000 கோடி
டிசம்பர் 1: 10,000 கோடி

நான்கே மாதம், பதின்மூன்று கட்டணங்கள். நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்த பத்துக் கோடிக் கட்டணம் நான்கே நாள்தான் உயிரோடு இருந்தது. ஐந்தாம் தேதி கடிதம் போடப் போனவரிடம் நூறு கோடி கேட்டார்கள்.

ஜெர்மன்காரர்களின் எண் பெயர்களையும் இந்த இடத்தில் பழகிக்கொள்ளுங்கள், தலைகளைப் படிக்க உதவும். டௌஸண்ட் ஆயிரம். மில்லியோன் பத்து லட்சம். மில்லியார்டெ நூறு கோடி. அவர்கள் பில்லியோன் என்றால் அது ஆங்கிலத்துப் பில்லியன் இல்லை. ஒரு லட்சம் கோடி. மில்லியார்டெ என்று போட்ட தலையை நூறு கோடியால் பெருக்கிப் படித்தால் போதும்.

மேலச்சு சொல்லும் சேதி

பட்டியல் கையில் இருந்தால் மேலச்சுகள் பேச ஆரம்பித்துவிடும். அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை வந்த மேலச்சுகளில் 20 டௌஸண்ட் உண்டு, 75 டௌஸண்ட் உண்டு, 250 டௌஸண்ட் உண்டு, 2 மில்லியோன் உண்டு. பட்டியலைத் திரும்பப் பாருங்கள். 20,000, 75,000, 2.5 லட்சம், 20 லட்சம். வரிசையாகக் கடிதக் கட்டணங்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரே தலையாக ஒட்டி அனுப்பத் தோதாக ஒரு மேலச்சு தயாராகியிருக்கிறது.

அப்படியானால் 8 டௌஸண்ட், 30 டௌஸண்ட், 100 டௌஸண்ட் என்று இருப்பவை எதற்கு? அவை வெளியூர்க் கடிதத்துக்கு அல்ல, அஞ்சலட்டைக்கு. வெளியூர் அட்டைக்கு ஆகஸ்ட் 24 முதல் 8,000 மார்க், செப்டம்பர் 1 முதல் 30,000, செப்டம்பர் 20 முதல் 1 லட்சம். அக்டோபர் 1 முதல் 8 லட்சம். நம் கையில் இருக்கும் பச்சைத் தலை எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும். அது ஓர் அஞ்சலட்டையின் கட்டணம். அக்டோபர் 10 அன்று அட்டைக்கு 20 லட்சமாகிவிட்டது. ஆகவே தனியாக ஒட்டி ஓர் அட்டை அனுப்ப இந்தத் தலை பயன்பட்டது ஒன்பது நாள்.

இன்னொன்றும் கவனியுங்கள். போருக்கு முன்னால் ஜெர்மனியில் ஓர் அஞ்சலட்டை அனுப்ப 5 ஃபெனிக். அதற்கு ஒட்டிய தலையும் பச்சைதான். 1923 அக்டோபரிலும் அட்டைக்கு ஒட்டியது, அடியில் 5 என்று போட்ட பச்சைத் தலைதான். வேலை மாறவில்லை, நிறமும் மாறவில்லை. இடையில் மார்க் மட்டும் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

மேலச்சுக்கு அடியில் இருக்கும் இந்த அடித்தலை வெறும் மிச்சச் சரக்கும் இல்லை. 5 ஃபெனிக், 10 ஃபெனிக் அச்சுத் தகடுகள் அச்சகத்தில் கிடந்தன. அந்தக் காசுக்கு இனி எந்தக் கடிதமும் போகாது. ஆனால் புதுத் தகடு வெட்ட நேரமில்லை. அதனால் பழைய தகட்டிலேயே இளம்பச்சையில் புதிதாக அச்சடித்து, அதன்மேல் 800 டௌஸண்ட் என்று ஏற்றினார்கள். 15, 25, 30, 40 ஃபெனிக் தகடுகளில் மங்கிய பழுப்பில் அச்சடித்து 400 டௌஸண்ட் ஆக்கினார்கள். அடியில் இருக்கும் எண் எதுவானாலும் நிறத்தைப் பார்த்ததும் மதிப்பு தெரிந்துவிடும். கவுண்டரில் தலை கிழித்துக் கொடுக்கும் ஊழியருக்கு அது எவ்வளவு உதவி!

மற்ற மேலச்சுகளுக்கு அப்போது புழக்கத்தில் இருந்த வகைகளே அடித்தலை. தபால் கொம்பு படம் போட்டவை, பெரிய எண் மட்டும் உள்ள 200, 300, 400, 500 மார்க் தலைகள். 200 மார்க் தலை இரண்டு மாதத்துக்குள் 20 ஆயிரம், 30 ஆயிரம், 2.5 லட்சம், 8 லட்சம், 20 லட்சம் என்று ஐந்து அவதாரம் எடுத்திருக்கிறது. ஐந்தையும் ஒரு பக்கத்தில் வரிசையாக ஒட்டிப் பாருங்கள். பொருளாதாரப் பாடப் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தை அது சொல்லிவிடும்.

ஜெர்மனிக்கு மேலச்சு 1923இல்தான் புதிது என்று நினைக்க வேண்டாம். 1921 ஆகஸ்டிலேயே கெர்மானியா உருவம் போட்ட பழைய தலைகளில் 5 ஃபெனிக் 1.60 மார்க் ஆனது, 75 ஃபெனிக் 5 மார்க்கும் 10 மார்க்கும் ஆனது. 1923 ஆரம்பத்தில் ரைன், ரூர் மக்களுக்கு நிதி திரட்டக் கூடுதல் தொகை மேலச்சு போட்ட தலைகளும் வந்தன. அரசு அலுவலகங்களுக்கான சர்வீஸ் தலைகளும் தப்பவில்லை. பக்கத்தில் இருந்த டான்சிக் சுதந்திர நகரத்திலும் மார்க்தான் நாணயம் என்பதால் அங்கேயும் ஆயிரம், மில்லியோன் மேலச்சுகள் உண்டு. அக்டோபரில் குல்டன் நாணயத்துக்கு மாறிய பிறகுதான் அந்த ஊர் மூச்சுவிட்டது.

எண் மட்டும் போதும், படம் வேண்டாம்

அக்டோபரில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிப் படமெல்லாம் வேண்டாம். பூ வேலைப்பாடு போல ஒரு வட்டம், நடுவில் எண். ஜெர்மன் சேகரிப்பாளர்கள் இதைக் கூடை மூடி என்று கேலியாகச் சொல்வார்கள். பார்த்தாலும் பின்னல் கூடையின் மூடி மாதிரிதான் இருக்கும். 500 டௌஸண்டில் தொடங்கிய இந்த வரிசை 50 மில்லியார்டெ வரை போனது. ஐயாயிரம் கோடி மார்க்! ஜெர்மன் தபால் வரலாற்றிலேயே மிகப் பெரிய எண் இதுதான். டிசம்பர் 1 அன்று இதில் இரண்டு ஒட்டினால்தான் ஒரு சாதாரணக் கடிதம் போகும்.

அவசரம் தலையின் ஓரத்திலேயே தெரியும். வழக்கமாகத் தலைகளைச் சுற்றி ஓட்டை போட்டிருப்பார்கள், கிழித்தால் பல் பல்லாக வரும். இந்தக் காலத்துத் தலைகள் சிலவற்றில் ஓட்டை போடாமல் வெட்டுக்கோடு மட்டும் இழுத்து விட்டிருக்கிறார்கள். ஒரே மதிப்பில் பல்லுள்ளதும் உண்டு, வெட்டுக்கோடு உள்ளதும் உண்டு. இரண்டும் கேட்டலாக்கில் தனித்தனி.

அப்படியும் நவம்பரில் புதுத் தலைகளே பழசாகிவிட்டன. 2 மில்லியோன், 4 மில்லியோன், 10 மில்லியோன் கூடை மூடிகளின் மேல் '5 மில்லியார்டெ' என்று ஏற்றினார்கள். 20, 50, 100 மில்லியோன் தலைகள் '10 மில்லியார்டெ' ஆயின. பெர்லினில் அச்சாகி ஊர் ஊராக வந்து சேரக் காத்திருக்க முடியாமல், வட்டாரத் தபால் தலைமையகங்கள் உள்ளூர் அச்சகங்களிலேயே மேலச்சு போட்டுக்கொண்டன. அதனால் எழுத்துருவில் சின்னச் சின்ன வித்தியாசங்கள். அவற்றை வகை பிரிப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள்.

தலையே தீர்ந்துபோனால்? பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, உறையில் 'கெபுயூர் பெட்ஸால்ட்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்பினார்கள். கட்டணம் செலுத்தப்பட்டது என்று பொருள். தலையே இல்லாத அந்த உறைகளும் இன்று சேகரிப்புப் பொருள். பெரிய மதிப்பில் தலை இல்லாத ஊர்களில் சின்ன மதிப்புத் தலைகளை உறையின் முன்னும் பின்னும் தாள் தாளாக ஒட்டியிருப்பார்கள். சில உறைகளில் முகவரிக்கு மட்டும்தான் இடம் மிஞ்சியிருக்கும்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது நவம்பர் கடைசி வாரம். 26ஆம் தேதி கடிதக் கட்டணம் 8,000 கோடி. அன்றைய நிலவரத்துக்கு ஏற்ற புதிய தலைகள் போதவில்லை. மேலச்சு போடவும் அவகாசமில்லை. தபால் இலாகா ஒரு வழி கண்டுபிடித்தது. 26 முதல் 30 வரை எல்லாத் தலைகளையும் அச்சிட்ட மதிப்பைப் போல நான்கு மடங்குக்கு விற்பது, நான்கு மடங்காகவே ஏற்றுக்கொள்வது. மேலச்சு தாளில் விழவில்லை; எல்லோர் மனக்கணக்கிலும் விழுந்தது. அந்த ஐந்து நாள் முத்திரையோடு ஒரு கடித உறை உங்களுக்குக் கிடைத்தால், அதில் 2,000 கோடிக்குத்தான் தலை ஒட்டியிருக்கும். கட்டணம் குறைவாக ஒட்டிய கடிதம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். நான்கால் பெருக்கினால் 8,000 கோடி, சரியான கட்டணம்.

நவம்பர் 15 முதல் ரென்டன்மார்க் என்ற புது நாணயம் வெளிவந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க் ஒரு ரென்டன்மார்க். டிசம்பர் 1 அன்று புது நாணயத்தில் தலைகள் வந்தன. அதே கூடை மூடி, நடுவில் 3, 5, 10, 20, 50, 100 என்று எண் மட்டும். கடிதத்துக்கு 10 ஃபெனிக், போருக்கு முன் இருந்த அதே கட்டணம். பழைய மார்க் தலைகள் டிசம்பர் 31 வரை செல்லும் என்பதால், அந்த ஒரு மாதம் 50 மில்லியார்டெ தலையும் 5 ஃபெனிக் தலையும் ஒரே உறையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்டு, இரண்டும் சேர்ந்து ஒரு கடிதத்தைக் கொண்டு போயின. அவற்றுக்கு ஒரே மதிப்பு!

புதியது மலிவு, பழையது அரிது

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். மேலச்சு போட்டுக் கட்டுக் கட்டாக அஞ்சலகங்களுக்கு அனுப்புகிறார்கள். விற்றுத் தீருவதற்குள் கட்டணம் ஏறிவிடுகிறது. மிச்சம் அப்படியே தங்கிவிடுகிறது. அந்த மிச்சம் வியாபாரிகளிடம் போய், உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு விற்கும் கலப்புப் பொட்டலங்களில் சேர்ந்துவிட்டது. நம் ஊர்ப் பழைய ஆல்பங்களிலும் ஜெர்மனி பக்கத்தைத் திறந்தால் பெரிய பெரிய பூஜ்யங்களோடு நாலைந்து தலையாவது இருக்கும். எல்லாம் அந்த வழியில் வந்தவை.

ஆனால் ஒன்பது நாளும் ஏழு நாளும் மட்டுமே பயன்பட்ட ஒரு தலையை ஒட்டி எத்தனை கடிதம் போயிருக்கும்? அதிலும் சாப்பாட்டுக்கே அல்லாடிய காலத்தில்? போனவற்றில் எத்தனை உறையை யார் பத்திரப்படுத்தியிருப்பார்கள்? அதனால்தான் உபயோகித்தவை அரிது.

அரிது என்றால் போலி பின்னாலேயே வரும். இங்கே போலி வேறு ரகம். தலை அசல்தான், அதைப் போலியாக அச்சடிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள், புதியது சல்லிசாகக் கிடைக்கும்போது எதற்கு? போலி, முத்திரைதான். மலிவான புதுத் தலை ஒன்றை எடுத்து, பழைய தேதியில் ஒரு முத்திரையைக் குத்திவிட்டால் விலை ஏறிவிடுகிறது. இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஜெர்மனியில் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். எந்த ஊர் அஞ்சலகம் எந்த மாதம் எந்த முத்திரைக் கருவியைப் பயன்படுத்தியது என்பது அவர்களுக்கு அத்துப்படி. இந்தக் காலத் தலைகளுக்கென்றே இருக்கும் இன்ஃப்லா பெர்லின் சங்கத்தின் பரிசோதனைக் குறியைப் பல தலைகளின் பின்பக்கத்தில் பார்க்கலாம். ஜெர்மன் தலைகளுக்கு எல்லோரும் புரட்டும் மிஷெல் கேட்டலாக் சொல்லும் உபயோகித்த விலை, பரிசோதித்து உறுதியான தலைக்குத்தான். பரிசோதனை இல்லாத முத்திரைத் தலைக்கு அந்த விலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மேலச்சு தலைகீழாக விழுந்தது, இரண்டு தடவை விழுந்தது என்று பிழைத் தலைகளும் விற்பனைக்கு வரும். அந்த அவசரத்தில் உண்மையான பிழைகள் நேர்ந்தன என்பது நிஜம். ஆனால் மேலச்சு வெறும் கறுப்பு எழுத்து. வீட்டிலிருந்தபடியே பிழை செய்பவர்களும் உண்டு. புதிதாக ஆரம்பிப்பவர் இந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

எங்கே ஆரம்பிப்பது?

முதலில் நூறு, இருநூறு தலைகள் அடங்கிய ஒரு மலிவான கலவை வாங்குங்கள். எல்லாம் புதியதாக இருந்தாலும் பரவாயில்லை. கண்ணைப் பழக்கத்தான்.

அடுத்து வாட்டர்மார்க். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மங்கலாக ஒரு வடிவம் தெரியும். இந்தக் காலத்து ஜெர்மன் தலைகளில் இரண்டு வடிவம் முக்கியம்: ஒன்று சாய்சதுரங்கள், மற்றது வலைப்பின்னல். பார்க்க ஒன்றுபோல இருக்கும் தலைகளில் ஒரு வாட்டர்மார்க் மலிவாகவும் இன்னொன்று மிக அரிதாகவும் இருக்கும். கறுப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து வைத்து, லைட்டரில் ஊற்றும் பென்சின் ஒரு சொட்டு விட்டால் வடிவம் தெளிவாகத் தெரியும். அடுப்பு, தீக்குச்சி பக்கத்தில் இருக்கக் கூடாது. டீ கப்பையும் தள்ளி வையுங்கள்.

உறையிலிருந்து தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்த விஷயத்தில் மட்டும் அதைக் கைவிடுங்கள். உறையோடு இருந்தால் தலை, தேதி, ஊர், கடிதமா அட்டையா, எந்தக் கட்டணம் என்று ஐந்து சாட்சி. பிரித்துவிட்டால் பாதி முத்திரையோடு ஒரு துண்டுக் காகிதம். அப்புறம் சென்னை, திருச்சி மாதிரி ஊர்களில் ஈரப்பதம் பெரிய எதிரி. பழைய பசை இளகி தலை ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். புதுத் தலைகளை நல்ல ஸ்டாக் புக்கில் செருகி, புத்தகத்தைப் படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள்.

பிறகு ஒரு வேலை செய்யுங்கள். ஆல்பத்தில் கேட்டலாக் எண் வரிசையில் கட்டம் போடாதீர்கள். மேலே சொன்ன பதின்மூன்று தேதிகளைப் பதின்மூன்று பக்கங்களில் தலைப்பாக எழுதுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் ஓர் உறையோ அட்டையோ, கட்டணம் சரியாக ஒட்டி, முத்திரை தெளிவாகப் படிக்கும்படி தேடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் பக்கங்கள் நிறைவது சுலபம். நவம்பர் 1 முதல் 4 வரை உள்ள பத்துக் கோடிப் பக்கம் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். பரவாயில்லை, இதில் அவசரப்படுபவனுக்குத்தான் போலி முத்திரை விற்கிறார்கள். பதின்மூன்று பக்கமும் நிறைந்தால், வெறும் ஆயிரம் மார்க்கில் ஆரம்பித்து பத்தாயிரம் கோடி மார்க்கில் முடியும் நான்கு மாதம் உங்கள் கையில் இருக்கும்.

வாங்கப் போகும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தலையில் எத்தனை பூஜ்யம் என்று எண்ணாதீர்கள். அது எல்லோருக்கும் கிடைக்கும். முத்திரையில் என்ன தேதி என்று பாருங்கள். அந்தத் தேதிக்கு ஒட்டிய தொகை சரியா என்று பட்டியலில் சரிபாருங்கள். சரியாக இருந்து, பரிசோதகரின் குறியும் இருந்தால் பேரம் பேசுங்கள். இல்லையென்றால் எட்டு லட்சம் என்று போட்டிருந்தாலும் அது வெறும் பச்சைக் காகிதம்.